ரீச்சரைக் கேளுங்கள்: கலன், கயிறு, எட்டுச் சுற்று

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஓகஸ்ட் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களில் சிலர் அங்கே இராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள், சிலர் சேரப் போகிறார்கள். உடற்தகுதிச் சோதனை தலைக்கு மேல் நிற்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முதுகு நோவு பற்றி எழுதிய அன்புவழிபுரம் அக்கா கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ரீச்சர், என் அக்காவின் மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். படித்துக்கொண்டே அங்கே இராணுவத்தின் ரிசேர்வ் பிரிவில் களஞ்சிய வேலை பார்க்கிறாள். இப்போது எங்கள் வீட்டில் ஐந்து கிழமை லீவு. திரும்பிப் போனதும் உடற்தகுதிச் சோதனையாம். போன தடவை ஓட்டத்தில் மயிரிழையில் தப்பினாளாம். "சித்தி, இங்கே அந்தச் சாமான் ஒன்றும் இல்லை, இந்த வெயிலில் ஓடவும் ஏலாது" என்று சொல்லிவிட்டு ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறாள். நான் என்ன செய்ய?
வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, முதல் ஒரு கிழமை அவள் படுத்திருப்பதில் பிழை இல்லை. குளிர் நாட்டிலிருந்து வந்து இறங்கியவுடன் கச்சான் காற்றுக்குள் ஓடப் போனால் படுக்கையில்தான் முடியும். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அந்த நாட்களில் காலமை ஐந்தரைக்கு எழுந்து இருபது நிமிடம் வேகமாக நடக்கட்டும், இடைக்கிடை மெதுவாக ஓடட்டும். மூச்சு வாங்காமல் உங்களோடு கதைத்துக்கொண்டே போகிற வேகம் போதும். நீங்களும் கூடப் போனால் உங்களுக்கும் நல்லது. வெயில் ஏறிய பிறகு ஓட்டம் வேண்டாம்.

இந்த வெக்கை அவளுக்கு ஒரு லாபமும் தரும். பழகிய உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தியே வரத் தொடங்கும், அதே வேகத்துக்கு இதயம் குறைவாக அடிக்கும். திரும்பிப் போய் இரண்டு மூன்று கிழமைக்குள் சோதனை என்றால் அதில் கொஞ்சம் கையிருப்பாக இருக்கும்.

இனிச் சோதனைக்கு வருவோம். அமெரிக்க இராணுவம் 2025 ஜூன் 1 முதல் நடத்துவது ஐந்து பகுதிகள். ஒரே நாளில், இந்த ஒழுங்கில்தான் நடக்கும்: பாரம் தூக்குதல், தண்டால், ஓடி இழுத்துச் சுமக்கிற ஓட்டம், பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தி வைப்பது), கடைசியில் இரண்டு மைல் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 எடுக்க வேண்டும். நாலில் வெளுத்து வாங்கிவிட்டு ஒன்றில் 59 எடுத்தால் தோல்விதான். சண்டைப் பிரிவுகளுக்கு மொத்தம் 350 வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே அட்டவணை. உங்கள் பிள்ளையின் களஞ்சிய வேலைக்கு 300 போதும், அட்டவணையும் வயதையும் ஆண் பெண்ணையும் பார்த்து மாறும்.

சாமான் இல்லை என்கிறாளே, உங்கள் குசினிப் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் பிடித்து வைக்கிற 20 லீற்றர் பிளாஸ்டிக் கலன் இரண்டு கட்டாயம் இருக்கும். சுமக்கிற பகுதியில் அவள் தூக்க வேண்டியது கைக்கொன்றாக இரண்டு 40 இறாத்தல் குண்டுகள், அதாவது ஒவ்வொன்றும் 18 கிலோ. வெறும் கலனே ஒரு கிலோ அளவில் வரும். அதற்குள் 17 லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றினால் கணக்குச் சரி. பதினேழுக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடிவரை நிரப்பிய கலன் அலம்பாது, சோதனைக் குண்டும் அலம்பாதுதான். ஆனால் கொஞ்சம் அலம்புகிற தண்ணீரோடு ஓடிப் பழகிய கைக்கு அங்கே இரும்பு அடங்கி நிற்கும். கைபிடி உள்ளங்கையை வெட்டும், முதல் இரண்டு நாளும் பழைய துணியைச் சுற்றலாம். பிறகு துணியை எடுத்துவிடுங்கள். பிடி இறுகுவதுதான் அந்தப் பகுதியில் பாதி வேலை.

பாரம் தூக்குவதற்கு அங்கே ஆறு கோணச் சட்டம் ஒன்று வைப்பார்கள். நடுவில் நின்று, இரண்டு பக்கமும் உள்ள பிடியைப் பிடித்து, மூன்று தரம் தூக்கி இறக்க வேண்டும். பாரம் உடம்புக்கு முன்னால் இல்லை, இரு பக்கத்திலும் இருக்கிறது. ஆகவே அதே இரண்டு கலனையும் தண்ணீருக்குப் பதில் காய்ந்த மணலால் நிரப்பி, நடுவில் நின்று தூக்கினால் கிட்டத்தட்ட அதே அசைவு. ஒரு கலன் மணல் முப்பது கிலோவுக்கு மேல் வரும், இரண்டும் சேர்ந்தால் அறுபது தாண்டும். கைபிடி வெடித்த பழைய கலனை இதற்கு எடுக்க வேண்டாம், காலில் விழும். முதுகு வளையாமல், குதிக்கால் நிலத்தில் ஊன்றி, தொடையால் எழும்ப வேண்டும். கலன் போதாமல் போனால் நகரில் ஜிம் இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் போய்க் கூடிய பாரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

இழுக்கிற பகுதிக்கு உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலமை கரைவலை இழுக்கிற நேரத்தில் போனால் நல்லது. அந்த ஆட்களைப் பிள்ளை வடிவாகப் பார்க்கட்டும். கடலைப் பார்த்தபடி, இடுப்பைப் பதித்து, கையை நீட்டியே வைத்துக்கொண்டு, குதிக்காலை மணலில் குத்திக் குத்திப் பின்னுக்கு நடப்பார்கள். ஒருவரும் கையை மடக்கிக் கயிற்றை நெஞ்சுக்கு இழுப்பதில்லை. கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் களைத்துப்போவோம் என்று அவர்களுக்குத் தெரியும். 90 இறாத்தல் பாரம் வைத்த சறுக்குப் பலகையைச் சோதனையில் இழுக்க வேண்டியதும் இப்படித்தான், பின்னுக்கு நடந்து. ஒரு பழைய லொறி டயரில் கயிற்றைக் கட்டி, காய்ந்த மணலில் 25 மீற்றர் போய் 25 மீற்றர் வரட்டும். இறுகிய ஈர மணலில் இழுத்தால் டயர் வழுக்கிக்கொண்டு வரும், பயன் இல்லை.

முழுப் பகுதியும் இப்படி: 25 மீற்றர் தூரத்தை ஓடிப் போய் வருவது, இழுத்துப் போய் வருவது, பக்கவாட்டில் கால் மாற்றிப் போய் வருவது, குண்டுகளோடு போய் வருவது, திரும்பவும் ஓடிப் போய் வருவது. மொத்தம் 250 மீற்றர், நடுவில் ஓய்வு கிடையாது. முதல் 50 மீற்றரில் பறப்பவர்கள் கலன் தூக்கும்போது கால் பின்னுவார்கள். ஓடும்போதும் பக்கவாட்டில் போகும்போதும் கோட்டில் திரும்பினால் கையும் காலும் கோட்டைத் தொட வேண்டும். அந்தத் திரும்பலைத் தனியாகப் பழகினாலே சில விநாடி மிச்சம். இந்தப் பகுதியைக் கிழமைக்கு ஒரு தரம் முழுமையாகச் செய்தால் போதும்.

இப்போது ஓட்டம். இரண்டு மைல் என்பது 3,218 மீற்றர் சொச்சம். 400 மீற்றர் தடத்தில் எட்டுச் சுற்று, கூட 19 மீற்றர். மக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ கயிறு பிடித்து 400 மீற்றரை அளந்துகொள்ளுங்கள். ஒரு சுற்றை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் எட்டுச் சுற்றுக்கு 20 நிமிடம், மிச்ச 19 மீற்றருக்கு ஏழு விநாடி. அவளுடைய வயதுக்குரிய அட்டவணையைப் பார்த்து, வேண்டிய நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தைக் கழித்து, அதை எட்டால் பிரித்தால் அவளுடைய சுற்று நேரம் கிடைக்கும். கிழமைக்கு மூன்று நாள் ஓடினால் காணும். ஒரு நாள் நீண்ட மெதுவான ஓட்டம், ஒரு நாள் அந்தச் சுற்று நேரத்தில் ஆறு தரம் 400 மீற்றர், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓடிய அளவு நேரம் நடை. மூன்றாம் நாள் அவளுக்குப் பிடித்தபடி.

பிள்ளையின் குறையை நான் பார்க்காமலே சொல்லலாம்: முதல் சுற்றை அடித்துப் பிடித்து ஓடி, ஐந்தாவதில் நடக்கிறாள். இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே வருத்தம், கூடாரத்துக்கு முன்னால் வேகம் தானாகக் கூடும். நீங்கள் ஒரு மணிக்கூட்டோடு கோட்டில் நில்லுங்கள். முதல் சுற்றை இரண்டரை நிமிடத்துக்கு முந்தி முடித்து வந்தால் ஏசுங்கள். சுணங்கி வந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஒன்று முக்கியம். ஓடும்போது வெக்கை அடித்தால் வியர்வை நின்றுவிடும், அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வெப்பத்தாக்கம் வரும். பேச்சுக் குழறுவது, தள்ளாடுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இவைதான் அடையாளம். அப்படி நடந்தால் முதலில் குளிர வையுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. ஓட்டோ வரும்வரை கிணற்றடியில் இருத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஏற்றிய பிறகும் ஈரத் துணியைத் தலையிலும் கழுத்திலும் போட்டபடியே கொண்டுபோங்கள். எதிர்ப்பக்கமும் இருக்கிறது: வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கும். விடாய்க்குத் தக்கபடி குடிக்கட்டும். நீண்ட ஓட்டம் முடிந்த காலமைகளில் உப்புப் போட்ட கஞ்சி நல்லது. வயிற்றோட்டமும் சேர்ந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள்.

பயணச் சீட்டையும் பாருங்கள். நியூயோர்க் பக்கம் என்றால் கோடையில் நமக்கும் அங்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஒரு மணிக்கு ஒரு நாள் என்று உடம்பு சரிக்கட்டும். சோதனைக்கு முதல் நாள் போய் இறங்குகிற மாதிரிச் சீட்டு எடுத்திருந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் டெக்சாஸில் இருக்கிறேன், ஊர் நிலாவெளி. வீட்டில் தண்டால் அறுபது எடுக்கிறேன். ஒத்திகைச் சோதனையில் 31 தான் எண்ணினார்கள். மிச்சத்துக்கு அந்தச் சார்ஜன்ட் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றார். எனக்கு வேண்டுமென்றே குறைக்கிறாரோ என்று சந்தேகம்.

பதில்: தம்பி, அவர் உங்களுக்கு உபகாரம் செய்திருக்கிறார். ஒத்திகையில் 31 என்று தெரிந்துவிட்டது, நல்லது.

நீங்கள் வீட்டில் எடுப்பது பழைய தண்டால். இப்போதைய சோதனையில் நெஞ்சு, இடுப்பு, தொடை மூன்றும் நிலத்தில் பட வேண்டும். பட்ட பிறகு இரண்டு கையையும் நிலத்திலிருந்து எடுத்து, பக்கவாட்டில் சிலுவை மாதிரி முழுக்க நீட்டி, திரும்பக் கொண்டுவந்து ஊன்றி, உடம்பு முழுவதும் ஒரே பலகையாக எழும்ப வேண்டும். நெஞ்சு முதலில் வந்து இடுப்பு பிறகு வந்தால் எண்ண மாட்டார்கள். மேலே முழங்கை முழுக்க நீளாவிட்டாலும் எண்ண மாட்டார்கள். இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை என்பதுதான் கணக்கு. இளைப்பாற வேண்டும் என்றால் கையை நீட்டி மேலே நிற்கிற நிலையில்தான் இளைப்பாறலாம். நிலத்தில் படுத்துக்கிடந்தால் உங்கள் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நிலத்தில் உடம்பு ஓய்ந்து கிடந்து, அங்கிருந்து எழும்ப வேண்டியிருப்பதால், துள்ளி எழும்புகிற வேலை இதில் நடக்காது. அதனால்தான் அறுபது பாதியாகிறது. யாருக்கும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது: கைபேசியைப் பக்கவாட்டில், நில மட்டத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். மேலே இருந்து எடுத்த படத்தில் எல்லாருடைய தண்டாலும் அழகாகத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் முடிந்த மட்டும் எடுக்காமல், நாளுக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் உங்கள் உச்சத்தில் பாதி, அச்சொட்டாக எடுங்கள். எண்ணுவதற்கு ஒருவரை வையுங்கள். அம்மா வேண்டாம், அம்மாமார் ஒன்றுக்கு இரண்டாக எண்ணுவார்கள். உங்களோடு ஏதாவது கோபத்தில் இருக்கிற தங்கச்சி இருந்தால் மிகப் பொருத்தம். நான் நீளம் பாய்தலுக்குக் கோட்டில் நின்ற காலத்தில் பெற்றோர்கள் வந்து "கொஞ்சம்தானே மிதித்தவன்" என்று வாதாடுவார்கள். கோடு கோடுதான்.

கேள்வி: எங்கள் பெரியப்பா தொண்ணூறுகளில் அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர். "தண்டால், எழும்பி இருத்தல், ஓட்டம், அவ்வளவுதான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கதை அளக்கிறார்கள்" என்கிறார். யார் சரி?
வாசகர், சாம்பல்தீவு

பதில்: இரண்டு பேரும் சரி. 1980இல் தொடங்கிய அந்த மூன்று பகுதிச் சோதனை நாற்பது வருடத்துக்கு நின்றது. இரண்டு நிமிடத் தண்டால், இரண்டு நிமிடம் படுத்து எழும்பி இருத்தல், இரண்டு மைல் ஓட்டம். ஒரு மணிக்கூடும் ஒரு புல்தரையும் இருந்தால் ஆயிரம் பேருக்கு நடத்தலாம், அதனாலேயே அத்தனை காலம் நின்றது. ஆனால் காயப்பட்ட ஆளை இழுத்து வரவும் பெட்டி தூக்கவும் அந்த மூன்றும் ஒன்றும் சொல்லித் தராது, எழும்பி இருத்தல் நாரியையும் பதம் பார்த்தது. 2022 ஒக்டோபரில் ஆறு பகுதிச் சோதனை அதிகாரபூர்வமாக வந்தது. அதில் 10 இறாத்தல் பந்தைத் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிகிற பகுதி ஒன்று இருந்தது. 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். எழும்பி இருத்தலின் இடத்தில் இப்போது பிளாங்க் நிற்கிறது. பெரியப்பாவை முழங்கை ஊன்றி இரண்டு நிமிடம் அப்படியே நிற்கச் சொல்லுங்கள். பிறகு கதைப்போம்.

கேள்வி: கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓடிப் பழகலாமா? அண்ணா அப்படித்தான் சொல்கிறார்.
மாணவன், மூதூர்

பதில்: கிழமைக்கு ஒரு தரம் ஓடலாம், விடியும் முன்பு. விடிந்தால் வாகனமும் யாத்திரிகர்களும் வந்துவிடுவார்கள். கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறுகிற றோட்டு தொடைக்கு நல்லது. ஏறும்போது ஓடுங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள். முழங்காலை உடைப்பது இறக்கம்தான். மான்கள் குறுக்கே வரும். அவை நமக்கு வழி விடுவதில்லை, நாம்தான் விட வேண்டும். சோதனை சமதரையில் நடக்கிறதென்றால் மற்ற நாட்களில் சமதரையில் ஓடுங்கள். கடற்கரை மணலும் அப்படித்தான். மெத்து மணலில் ஓடுவதற்குத் தரையைவிட ஒன்றரை மடங்குச் சக்தி போகும், ஆனால் வேகம் வராது. நீரோரம் ஒரு பக்கம் சரிந்திருப்பதால் ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் மட்டும் நோகும்.

கேள்வி: பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இராணுவமும் ஓட்டமும்? நீங்களும் இதற்கெல்லாம் பதில் எழுதி ஊக்கம் கொடுக்கிறீர்களே. இந்த ஊரில் இருந்துகொண்டு இராணுவம் என்றால் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?
பெயர் இல்லை

பதில்: தோன்றும். சீருடையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நடந்த காலம் எனக்கும் இருந்தது. அதை வைத்து, வேறொரு நாட்டில் பிறந்து அந்த நாட்டுக் குடிமகளாக வளர்ந்த பிள்ளை எந்த வேலை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்வதா விடுவதா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. ஓட்டத்தில் எப்படித் தேறுவது என்று கேட்கிறாள், அதற்குப் பதில் தெரியும், சொல்கிறேன். மற்றபடி, ஓட்டம் பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

கேள்வி: ரீச்சர், சோதனை நாளில் மாதவிடாய் வந்தால் என்ன செய்வது? எனக்கு ஓடும்போது சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறினாலும் நெஞ்சு படபடக்கிறது. அம்மா "உனக்குப் பழக்கம் இல்லை" என்கிறா.
வாசகி, திருகோணமலை நகர்

பதில்: பிள்ளை, முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஓடலாம். பலருக்கு அந்த நாளிலும் நேரம் குறைவதில்லை. வயிற்று வலி கடுமை என்றால் எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவரும் என்பதை முந்திய மாதங்களிலேயே வைத்தியரிடம் கேட்டுப் பார்த்து வைத்திருங்கள். புது மாத்திரையைச் சோதனை நாளில் தொடங்க வேண்டாம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படிக்கட்டில் நெஞ்சு படபடப்பதை வெறும் பழக்கக் குறைவு என்று விட்டுவிட முடியாது. இரும்புச் சத்துக் குறைவு நம் பெண்களிடம் சாதாரணம், மாதவிடாய் கூடுதலாகப் போகிறவர்களுக்கு இன்னும் சாதாரணம். கண் இமையை இறக்கிப் பாருங்கள், உள்ளே வெளிறி இருக்கிறதா? வைத்தியரிடம் போய் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்பின் கையிருப்பைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம், அந்த நிலையிலேயே ஓட்டம் பாதிக்கும். குறைவு என்று தெரிந்தால் வைத்தியர் தருகிற மாத்திரையை மாதக் கணக்கில் எடுக்க வேண்டும், இரண்டு கிழமையில் விளைவு பார்க்க முடியாது.

சாப்பாட்டில் ஒரு விஷயம். காலமை இடியப்பத்தோடு பிளேன் ரீ, மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் பால் தேத்தண்ணீர், இது நம் வீடுகளின் வழக்கம். தேயிலையில் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் மறிக்கும். தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாக ஏறும். மீன், ஈரல், இறைச்சியில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக ஏறும். சைவம் என்றால் பயறு, கௌப்பி, கீரை, கூடவே தேசிக்காய். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன் டீச்சர். இந்திய இராணுவத்தின் அக்னிவீர் ஆட்சேர்ப்புக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஆறு நிமிடத்துக்குள் முடிக்கிறேன், புல்-அப் நாலுதான் வருகிறது. எதில் கவனம் வைப்பது?

பதில்: இரண்டிலும், தம்பி. உங்கள் சோதனையில் ஓட்டத்துக்கு 60 மதிப்பெண், புல்-அப்புக்கு 40. ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு 60. அதற்கு ஒவ்வொரு 400 மீட்டரையும் 82 விநாடியில் முடிக்க வேண்டும். பத்து புல்-அப் எடுத்தால் முழு 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதற்கும் வளைந்த கட்டையில் நடப்பதற்கும் மதிப்பெண் இல்லை, தேறினால் போதும், ஆனால் தேறியே ஆக வேண்டும்.

நாலு பத்தாக வேண்டுமென்றால் கீழே இறங்குவதைப் பழகுங்கள். ஒரு கதிரையில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, ஐந்து விநாடி எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஐந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெறும் தொங்கலையும் சேருங்கள். ஒன்று மட்டும் கவனம்: தொடக்கத்திலேயே வெறி பிடித்த மாதிரி நூற்றுக்கணக்கில் எடுக்காதீர்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் சிறுநீர் கறுத்த தேத்தண்ணீர் நிறத்தில் போகும். அது கிட்னியைக் கெடுக்கும். அப்படிக் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: பள்ளிக்கூடக் கடேற் குழுவில் பீப் ஓட்டம் வைக்கிறார்கள். ஏழாவது கட்டத்தோடு நின்றுவிடுகிறேன்.
மாணவன், கிண்ணியா

பதில்: 20 மீற்றர் இடைவெளியில் பீப் சத்தத்துக்கு ஏற்றபடி போய்த் திரும்புகிற ஓட்டம்தானே. மணிக்கு எட்டரை கிலோமீற்றரில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் அரைக் கிலோமீற்றர் கூடும். முதல் கட்டங்களில் சத்தத்துக்கு முந்திப் போய் நின்று காத்திருக்காதீர்கள், அதில்தான் கால் வீணாகிறது. சத்தமும் நீங்களும் ஒன்றாகக் கோட்டுக்கு வர வேண்டும். திரும்பும்போது இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றுங்கள். எப்போதும் வலது காலிலேயே திரும்புகிறவர்களுக்கு வலது முழங்கால் முதலில் நோகும். நீங்கள் எந்தக் காலில் திரும்புகிறீர்கள் என்று ஒரு கூட்டாளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 57. மருமகனோடு சேர்ந்து இந்த ஐந்து பகுதியையும் நானும் செய்து பார்க்க ஆசை. சிரிப்பீர்களா?
வாசகர், தம்பலகாமம்

பதில்: ஏன் சிரிக்க? அந்த இராணுவத்தின் அட்டவணையிலேயே 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தனி நிரல் இருக்கிறது. பிரஷர், சீனி, ஈசிஜி மூன்றையும் பார்த்து வைத்தியர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். டயர் இழுப்பதையும் பாரம் தூக்குவதையும் கடைசியில் சேருங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். முதல் மாதம் நடையும் பிளாங்கும் மட்டும். மருமகனோடு போட்டி போடுவது இரண்டாம் மாதத்துக்குப் பிறகு.

கேள்வி: ஓடத் தொடங்கி மூன்றாம் கிழமையில் கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பின் உள்பக்கம் நோகிறது. மாமா சோதனைக்கென்று நல்ல விலை கூடிய புதுச் சப்பாத்து அனுப்பியிருக்கிறார். அதைப் போட்டால் சரியாகுமா?
வாசகி, பாலையூற்று

பதில்: எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோகிறதென்றால் அது தூரத்தைச் சட்டென்று கூட்டியதால் வந்த நோவு. ஓட்டத்தைப் பாதியாக்கி, மிச்சத்துக்கு நீந்துங்கள், சைக்கிள் ஓடுங்கள். டச்சுக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் ஓடுவதும் நல்ல பயிற்சி, எலும்புக்கு அடி விழாது. ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் ஊசி குத்துவது போல் நோகிறதென்றால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறதென்றால், ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். எலும்பில் நுண்ணிய வெடிப்பாக இருக்கலாம். இராணுவப் பயிற்சிக்குப் போகிற பெண்களுக்கு ஆண்களைவிட அது கூடுதலாக வருகிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்றதும் திரும்ப ஓடத் தொடங்க வேண்டாம்.

சப்பாத்தை இப்போதே போடுங்கள், சோதனை நாளுக்கென்று பெட்டியில் வைக்க வேண்டாம். முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு கடைக்குப் போக, பிறகு மெதுவான ஓட்டத்துக்கு. அரை அளவு பெரிதாக இருந்தால் பரவாயில்லை, ஓடும்போது கால் வீங்கும். இறுக்கமாக இருந்தால் மாமாவிடம் சொல்லி மாற்றுங்கள், அவர் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் உங்கள் நகம்தான் கறுக்கும், அவருடையது இல்லை.